விளக்கு தொற்றிய வண்டிகள்

விளக்கை முதலில் பார்த்தது டிரைவர் இல்லை, டைப்பிஸ்டம்மாதான்.

பார்க்காமல் எப்படி இருப்பாள்? ஒரே ஆஸ்பத்திரி வண்டி, ஒரே முன் இருக்கை, ஒரே மலை ரோடு. சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்ட பிறகு, வாரத்துக்கு இரண்டு முறை பெரிய ஆஸ்பத்திரியின் இயந்திரம்தான் அவள் ரத்தத்தை வெளியே இழுத்து, அலசி, திரும்ப உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் அந்த இயந்திரம் உள்ள இடம் அது ஒன்றுதான். வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் எழுதியதைத் தட்டச்சு செய்தவள். பிழை கண்ணில் பட்டால் சும்மா இருக்க அவளுக்கு வராது.

"தம்பி, அது என்ன மஞ்சளா எரியுது?"

"எதும்மா?"

"உன் மூக்குக்கு நேரா இருக்கு, எதுங்கிற. குழாய் மாதிரி ஒரு படம்."

டிரைவர் குனிந்து பார்த்தான். "ஓ, அதுவா. எஞ்சின் விளக்கு. வண்டி நல்லாத்தான் ஓடுது. ஏதாவது சென்சார் கெட்டிருக்கும்."

"சென்சார்னா?"

"எஞ்சினுக்குள்ள நடக்கிறதை வெளிய வந்து கோள் சொல்ற சாமான்."

"இப்ப அது சொல்ற கோள் நிஜமா, பொய்யா?"

"எனக்கென்னம்மா தெரியும். நான் ஓட்டறவன்."

"அப்ப தெரிஞ்சவங்ககிட்ட சொல்லு."

"சொல்லலாம்..."

"என்ன இழுக்கிற?"

பின் இருக்கையிலிருந்து பால்காரர் குரல் கொடுத்தார். அவருக்கும் அதே வியாதி, அதே இயந்திரம். "விடுங்கம்மா. ஓடிட்டிருக்கிற வண்டியை ஏன் நிறுத்தி வைத்தியம் பார்க்கணும்? நம்ம ஆஸ்பத்திரில வாயைத் திறந்தவன் நல்லா இருந்ததா சரித்திரம் இல்ல."

"அட போங்க. வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நடு மலைல இது படுத்துக்கிச்சுன்னா நம்ம கதை என்ன? தொடர்ந்து மூணு தடவை போகலைன்னா நம்ம படுக்கையைத் தூக்கி அடுத்தவனுக்குக் கொடுத்துடுவாங்க. தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? இயந்திர வார்டின் சுவரிலேயே எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரி இயக்குநர் சொந்தமாக யோசித்த வாசகம்: 'உங்கள் வருகையே உங்கள் உயிர்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், மூன்று முறை வராதவர்கள் காத்திருப்போர் வரிசையின் கடைசிக்கு அனுப்பப்படுவார்கள் என்று. பெரிய எழுத்தில் இருப்பது அறிவுரை, சின்ன எழுத்தில் இருப்பதுதான் சட்டம் என்று டைப்பிஸ்டம்மாவுக்குத் தெரியும். இரண்டையும் ஆயுசு முழுக்கத் தட்டச்சு செய்தவள்.

"இன்னிக்கே சொல்லிடு தம்பி. மறைச்சா நாளைக்கு உன் தலையிலதான் விடியும்."

அவளை வார்டில் இறக்கிவிட்டு டிரைவர் சொல்லப் போனான்.

வாகனப் பிரிவுக் கண்காணிப்பாளர் அதற்கு முன்னால் மகப்பேறு வார்டில் கண்காணிப்பாளராக இருந்தவர். பதவி உயர்வு என்று சொல்லி வண்டிகளிடம் அனுப்பிவிட்டார்கள். குழந்தைகளை எடை பார்த்த மெஷினை விட மனமில்லாமல் கையோடு கொண்டுவந்திருந்தார். அது மேசையின் ஓரத்தில் கடிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டது.

"சார், நம்ம வண்டில எஞ்சின் விளக்கு எரியுது."

"எப்போலேருந்து?"

"இன்னிக்குக் காலைலதான் பார்த்தேன்."

"பார்த்தது இன்னிக்கு. எப்போலேருந்து எரியுது?"

"அது தெரியல சார்."

"சூடு இருக்கா?"

"இல்ல சார்."

"தண்ணி அதிகம் குடிக்குதா?"

"இல்ல சார்."

"பசி எப்படி? பெட்ரோல்?"

"எப்பவும் போலதான்."

கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார். "அதாவது வண்டி எந்தக் கஷ்டமும் சொல்லல. நீதான் சொல்ற."

"விளக்கு சொல்லுது சார்."

"விளக்கு வந்து என்கிட்ட சொல்லுச்சா? உன்கிட்ட சொல்லுச்சு, நீ என்கிட்ட சொல்ற. உன்னை நான் நம்பறதா, விளக்கை நீ நம்பறதா? இந்த ஆஸ்பத்திரில ஒரு முறை இருக்குப்பா. முதல்ல சோதனை. அப்புறம்தான் சந்தேகம்."

மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவன் கையடக்கமான ஒரு ஸ்கேனர் பெட்டியை ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினான். பெட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு எழுத்துக்களைக் காட்டியது.

"ஆக்ஸிஜன் சென்சார் சார்," என்றான்.

கண்காணிப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார். "ஆக்ஸிஜனா? அப்ப இது என் பிரிவே இல்லப்பா. சுவாசப் பிரிவு."

"சார், இது புகைக் குழாய்ல இருக்கிற சாமான்..."

"புகைன்னாலும் சுவாசப் பிரிவுதான். அவங்க கருத்து இல்லாம இதைத் தொட்டா நாளைக்கு என் தலை உருளும். எவ்வளவு குறைஞ்சிருக்கு ஆக்ஸிஜன்?"

"அது காட்டாது சார்."

"பாத்தியா. அளவே தெரியாம சிகிச்சை பண்ணச் சொல்றான்."

சுவாச நிபுணர் மத்தியானம் வந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் கருவி, பின்னால் பயிற்சி டாக்டர்கள் ஒரு கூட்டம். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டிரைவர் எஞ்சினை ஓடவிட்டான். புகைக் குழாய்க்கு எதிரே உள்ளங்கையை நீட்டி, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார்.

"வயசு?"

"பதினோரு வருஷம் டாக்டர்."

"வீட்டில் வேறு யாருக்காவது இது உண்டா?"

கண்காணிப்பாளர் அவசரமாக, "மத்த வண்டிகளுக்கு இதுவரைக்கும் இல்லீங்க டாக்டர்," என்றார்.

"இதுவரைக்கும்," என்று நிபுணர் அந்த வார்த்தையை மட்டும் எடுத்துப் பயிற்சி டாக்டர்களிடம் கொடுத்தார். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். "எழுதிக்கோங்க. மலைப் பகுதிக்கு அடிக்கடி பயணம். உயரத்தில் காற்று குறைவு. இப்போதைக்கு ஓய்வு, கண்காணிப்பு. அசைக்கக் கூடாது."

அசைக்காமல் பழைய எக்ஸ்ரே கூடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் கேட்கவில்லை. நான்கு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடியில் ஒரு அட்டை கட்டப்பட்டது. அந்தக் கூடத்தில் மின்விசிறி ஓடியது. அதே நேரத்தில், அந்த வண்டியில் திரும்பிப் போகவேண்டியவர்கள் வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நல்ல கவனிப்பு," என்றாள் டைப்பிஸ்டம்மா, ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு. இயந்திரத்தில் படுத்து எழுந்தால் அவளுக்கு வெயிலிலும் குளிரும். "எனக்குக்கூட அட்டை கட்டறதுக்கு ஒரு வாரம் ஆச்சு."

"நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"சரியானதைச் செஞ்சிட்டு முழிக்காத. ரெண்டு நாள்ல சரி பண்ணிடுவாங்க. ஒரு சாமானைக் கழட்டி இன்னொரு சாமானை மாட்டணும். இதுல என்ன பெரிய வித்தை?"

வித்தை ஸ்டோரில் இருந்தது.

ஸ்டோர்கீப்பர் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அதில் ஒன்றின் மேல் 'ஆக்ஸிஜன் சென்சார்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பதை டிரைவர் தன் கண்ணால் பார்த்தான்.

"ஒண்ணு கொடுங்க," என்றான் மெக்கானிக்.

"பழசைக் கொடு, புதுசை எடு."

"பழசு வண்டில இருக்கு. இருங்க, கழட்டிட்டு வரேன்."

"சும்மா கழட்டிட்டு வந்தா ஆச்சா? கெட்டுப்போச்சுன்னு சான்று வேணும். நல்லதைக் கொண்டுவந்து கெட்டதுன்னு சொல்லி ஏமாத்தறவங்க நிறைய பேர் இருக்காங்க."

"பெட்டி சொல்லிடுச்சே."

"பெட்டி சந்தேகம் சொல்லும். சான்று சொல்லாது. நல்ல சென்சாரை மாட்டிப் பாரு. விளக்கு அணைஞ்சா பழசு கெட்டது. சான்று வாங்கிட்டு வா, புதுசு தரேன்."

"சரி. மாட்டிப் பார்க்க ஒரு நல்லது கொடுங்க."

"பழசைக் கொடு, புதுசை எடு."

டிரைவர் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, அந்தப் பெட்டி நிறைய இருக்கே. ஒண்ணே ஒண்ணு. பார்த்துட்டுத் திருப்பித் தந்துடறோம்."

ஸ்டோர்கீப்பர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, நான் இங்க எத்தனை வருஷமா இருக்கேன் தெரியுமா? இந்தப் பெட்டிலேருந்து ஒண்ணு குறைஞ்சதில்ல. கேக்கிறவன் வருவான், போவான். ஸ்டோர் நிறைஞ்சிருக்கணும். அதுக்குத்தானே ஸ்டோர்னு பேரு?"

மெக்கானிக் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அவனுக்கு வழி தெரியும். தெரியும் என்று அவன் நினைத்ததுதான் எல்லாக் கேடுகளுக்கும் ஆரம்பம்.

"பக்கத்து வண்டி நல்லாத்தானே இருக்கு? அதோட சென்சாரைக் கழட்டி இதுல மாட்டுவோம். விளக்கு அணைஞ்சா சான்று. எப்படி?"

மாட்டினான். பெட்டியைச் சொருகிப் பழைய கணக்கை அழித்தான். விளக்கு அணைந்தது. டிரைவருக்குக் கை தட்டலாம் போல இருந்தது. ஓடிப்போய்க் கண்காணிப்பாளரைக் கூட்டிவந்தான்.

"எங்க நோய்?"

"சரியாயிடுச்சு சார். பக்கத்து வண்டியோடதை மாட்டினோம். அணைஞ்சிடுச்சு. சான்று போடுங்க."

"நோயைப் பார்க்காம நான் சான்று போடறதா? நோயாளி எந்த நிலைமைல வந்தாரோ அதே நிலைமைல என் கண்ணால பார்க்கணும். பழையபடி வை. காலைல வரேன்."

மெக்கானிக் மாட்டிய சென்சாரைத் திரும்பக் கழற்றினான். கழற்றியதை மண்ணெண்ணெய் டின்னில் போட்டுக் கழுவுவது அவன் வழக்கம். எந்த வேலையிலும் சுத்தம் வேண்டும் என்பான். கெட்டதும் நல்லதுமாக இரண்டு சென்சாரும் டின்னுக்குள் பளபளவென்று ஒன்றுபோலக் கிடந்தன. எது எந்த வண்டியுடையது? கையில் கிடைத்ததை இதில் மாட்டினான், மிஞ்சியதை அதில் மாட்டினான்.

காலையில் கண்காணிப்பாளர் வந்தபோது முதல் வண்டியில் விளக்கு எரியவில்லை. பக்கத்து வண்டியில் எரிந்தது.

"பார்த்தியா! மருந்தே இல்லாம குணமாயிடுச்சு. ஓய்வுதான் மருந்துன்னு டாக்டர் சும்மாவா சொன்னார்? இதைக் கண்காணிப்புலயே வை. அதை உள்ள சேர்."

டிரைவர் சொல்லிப் பார்த்தான். "சார், மாத்தி மாட்டிட்டாங்களோன்னு..."

"நீ டிரைவரா, டாக்டரா?"

மெக்கானிக்கும் கோபித்துக்கொண்டான். "என் வேலையையே சந்தேகப்படறியா? இருபது வருஷமா கழட்டி மாட்டறேன்." டிரைவரால் அவனைப் பகைத்துக்கொள்ள முடியாது. வண்டி அவன் கையில்தானே இருக்கிறது? வாயை மூடிக்கொண்டான். இருபது வருஷம் கழற்றி மாட்டியவனுக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடும் என்றும் ஒரு பக்கம் தோன்றியது.

இரண்டாவது வண்டிக்குச் சான்று வேண்டும். மூன்றாவது வண்டியிலிருந்து கடன் வாங்கினார்கள். சோதித்தார்கள், கழற்றினார்கள், கழுவினார்கள், மாட்டினார்கள். விளக்கு மூன்றாவது வண்டிக்குப் போயிற்று. அங்கிருந்து நாலாவதற்கு. கெட்டுப்போனது ஒரே ஒரு சென்சார்தான். ஊர் சுற்ற வந்த சம்பந்தி மாதிரி அது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் தங்கி, அந்த வீட்டுக்காரர்களைப் படுக்கவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பியது. குணமான வண்டிகளையும் வெளியே விடவில்லை. காரணம் தெரியாமல் குணமானது என்பதால் அவை கண்காணிப்பில் இருந்தன.

வண்டி குறையக் குறைய ரோடுகளும் குறைந்தன. கிட்டத்தில் இருப்பவர்களுக்கு முதலில் என்று முடிவானது. மலை ரோடுதான் தூரம்.

டைப்பிஸ்டம்மாவின் முதல் வராத நாள் அப்படி வந்தது. டிரைவர் போனில் கூப்பிட்டான்.

"அம்மா, இன்னிக்கு வண்டி இல்ல."

"உன் வண்டி குணமாயிடுச்சுன்னியே?"

"குணமாயிடுச்சு. அதான் விடமாட்டேங்கிறாங்க."

சிரித்தாள். பிறகு சிரிப்பு இருமலானது. "பையன் வாடகை வண்டி பார்க்கறான். இந்த மலை ஏற எவனும் வரமாட்டேங்கிறான். பரவால்ல. ஒரு தடவைதானே? தண்ணியைக் குறைச்சுக்கறேன்."

இரண்டாவது தடவை பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினாள். "கால் ரெண்டும் யானைக்கால் மாதிரி இருக்கு தம்பி. செருப்பு ஏறல. அந்த விளக்குக்கு... கேட்டுச் சொல்லு, என்னோட சென்சாரைக் கழட்டி மாட்ட முடியுமான்னு."

அன்று மத்தியானம்தான் பெரிய கூட்டம் நடந்தது. இயக்குநர் நடுவில். தொற்றுநோய்த் தடுப்பு மருத்துவர் ஒரு பக்கம், சுவாச நிபுணர் இன்னொரு பக்கம். டிரைவர்கள் சுவரோரம் நின்றார்கள். திரையில் வண்டி நிறுத்தும் இடத்தின் படம். விளக்கு எரிந்த வண்டிகளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி.

"கவனியுங்கள்," என்றார் தொற்றுநோய் மருத்துவர். "முதலில் இது. அடுத்த நாள் அதன் பக்கத்தில் நின்றது. அதற்கடுத்த நாள் அதற்குப் பக்கத்தில் நின்றது. தள்ளி நின்ற எதற்கும் வரவில்லை. இது எதைக் காட்டுகிறது?"

யாரும் பேசவில்லை. பதில் தெரியாததால் அல்ல, இயக்குநர் இன்னும் சொல்லாததால்.

"தொற்று," என்றார் இயக்குநர்.

"தொற்று," என்றார்கள் எல்லோரும்.

டிரைவருக்கு நாக்கு நமநமத்தது. எப்படியோ தைரியம் வந்து, "ஐயா, பக்கத்து வண்டிலேருந்துதான் சென்சாரை எடுத்து..." என்று ஆரம்பித்தான்.

இயக்குநர் அன்பாகச் சிரித்தார். அவர் அன்பாகச் சிரித்தால் பக்கத்திலிருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். "முதல் நோயாளியோடு நெருங்கிப் பழகியவர் இவர்தானே? பதற்றம் இருக்கும். இயல்புதான். நண்பர்களே, ஒரு இயந்திரத்துக்குத் தொற்று வருமா என்று சிலர் கேட்கலாம். நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன்: வராது என்று எந்த ஆய்வு சொல்கிறது? ஆய்வு இல்லாதபோது நாம் பயப்படும் பக்கம்தான் நிற்க வேண்டும். நோயாளிகளின் பாதுகாப்புக்காக, நோயாளிகளை ஏற்றிவரும் எல்லா வண்டிகளையும் நிறுத்துகிறேன். சேவை பாதிக்கப்படும். ஆனால் நம் தரம் பாதிக்கப்படாது."

பலத்த கைதட்டல்.

வண்டிகளைத் தனிமைப்படுத்தினார்கள். சக்கரங்களுக்குக் கிருமிநாசினி. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் கயிறு. டிரைவர்கள் தொடர்பில் இருந்தவர்கள் என்பதால் அவர்களும் வளாகத்துக்குள் வரக்கூடாது. சம்பளத்தோடு விடுப்பு என்றதும் மற்ற டிரைவர்கள் இது தெய்வாதீனமாக வந்த நோய் என்று வீட்டுக்குப் போனார்கள். நம் டிரைவருக்கு வீட்டில் இரண்டு நாள்கூட இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு அம்மாவின் மூன்றாவது முறை.

அவன் மச்சான் ஒரு காய்கறி வண்டி வைத்திருந்தான். ஆஸ்பத்திரிச் சமையலறைக்குச் சரக்கு போடுகிறவன்.

"மாப்ள, நாளைக்கு ஒரு நடை மலைக்கு வரணும்."

"அங்க என்ன, முட்டைக்கோசா?"

"ஒரு அம்மா."

"உன் அம்மாவா?"

"இல்லடா."

"சம்பளத்தோட லீவு கொடுத்தா வீட்ல தூங்குவியா, ஊரான் அம்மாவை என் தலைல கட்டுவியா?" என்று திட்டிக்கொண்டே வந்தான்.

அவளை அவள் மகனும் டிரைவருமாகத் தூக்கித்தான் முன் இருக்கையில் வைத்தார்கள். முகம் ஊதியிருந்தது. ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட முடியவில்லை. மகன் பின்னால் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

"தம்பி," என்றாள், மச்சானின் டாஷ்போர்டைப் பார்த்து. "இதுல ஒரு விளக்கும் எரியலியே."

"இதுல எந்த விளக்கும் எரியாதும்மா," என்றான் மச்சான். "ஹெட்லைட்டே எரியாது. அதான் இது பாட்டுக்கு ஓடுது."

சமையலறைக்குப் போகும் பின்கேட்டில் காவல்காரர் கையில் நாலு டிரைவர்களின் படங்கள் இருந்தன. டிரைவரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

"நீ உள்ள போகக்கூடாதே."

"நான் போகல அண்ணே. இறங்கிக்கறேன். அம்மாவை மட்டும் வார்டுக்கு அனுப்புங்க. இன்னிக்கு ஏறலைன்னா படுக்கை போயிடும்."

"இவங்க எந்த வண்டில வந்துட்டிருந்தாங்க?"

டைப்பிஸ்டம்மாவுக்குப் பொய் வராது. "இவரு வண்டிலதான். முன் சீட்டுல."

"அப்ப நீங்களும் தொடர்புதான்." காவல்காரர் ரொம்ப வருத்தத்தோடு சொன்னார். "எனக்குச் சொன்னதைத்தானேம்மா நான் செய்யணும்? காய்கறி போகலாம். ஆளுங்க கூடாது."

"மூச்சு முட்டுதுங்க எங்கம்மாவுக்கு!" என்று மகன் கூடைகளுக்கு நடுவிலிருந்து கத்தினான்.

"மூச்சு முட்டுதுன்னா அவசரப் பிரிவுக்குப் போங்க."

"அது எங்க இருக்கு?"

"உள்ளதான்."

டிரைவர் வார்டு சிஸ்டருக்குப் போன் போட்டான். "சிஸ்டர், மலை ரோட்டு அம்மா பின்கேட்ல இருக்காங்க. வந்துட்டாங்க. போட்டுக்கோங்க."

"படுக்கைல இருந்தா வந்தாங்க. இல்லைன்னா வரல."

"கேட்ல நிக்கிறாங்க சிஸ்டர். நீங்க ஜன்னல்லேருந்து பார்த்தாத் தெரியும்."

ஜன்னலில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. கையையும் அசைத்தது. டைப்பிஸ்டம்மா பதிலுக்குக் கையைத் தூக்கினாள்.

"பார்த்தேன்," என்றது போன். "ரொம்ப வீங்கியிருக்காங்க, பாவம். ஆனா கேட்டு என் வார்டு இல்லப்பா."

மச்சான் கூடைகளை இறக்கி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். கத்தரிக்காய், கேரட், வெங்காயம் எல்லாம் போயிற்று. அவன் வரும்வரை அம்மா கண்ணை மூடியிருந்தாள். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "நான்தான் உன்னைச் சொல்லச் சொன்னேன்," என்றாள்.

"அதெல்லாம் இல்லம்மா."

"தட்டச்சுல ஒரு எழுத்து தப்பினா, அந்த ஒரு எழுத்தை அழிப்போம். இவங்க மொத்தக் காகிதத்தையும் கிழிக்கறாங்க."

வண்டியைத் திருப்பினார்கள்.

அடுத்த வாரம் இயக்குநர் தடுப்பு நடவடிக்கைக்கு உத்தரவிட்டார். ஆஸ்பத்திரியின் எல்லா வண்டிகளிலிருந்தும் சென்சாரைக் கழற்றி, கிருமிநாசினியில் ஊறவைத்து, திரும்ப மாட்டவேண்டும். முன்மாதிரியாக இருக்கத் தன் காரையும் சேர்த்துக்கொண்டார். அதே கம்பெனி, அதே எஞ்சின். மெக்கானிக் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஊறவைத்தான்.

மறுநாள் காலை இயக்குநரின் காரில் விளக்கு எரிந்தது.

"என்னப்பா இது?" என்றார் இயக்குநர், காரில் உட்கார்ந்தபடியே.

கண்காணிப்பாளர் ஓடினார். மெக்கானிக் ஓடினான். கம்பி வலைக்குப் பின்னாலிருந்து ஸ்டோர்கீப்பரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பழசு கேட்கவில்லை, சான்று கேட்கவில்லை. "ஒண்ணு போதுமா சார், ரெண்டா மாட்டட்டுமா?" என்று மட்டும் கேட்டார். இயக்குநர் ஒரு போன் பேசி முடிப்பதற்குள் புதியது மாட்டியாயிற்று. கழற்றிய பழசை, ஊரெல்லாம் சுற்றிக் களைத்துப்போன அந்தச் சாமானை, மெக்கானிக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

அதன் பிறகு எந்த வண்டியிலும் விளக்கு எரியவில்லை. கிருமிநாசினி நன்றாக வேலை செய்திருக்கிறது என்று தொற்றுநோய் மருத்துவர் வெளிநாட்டு மாநாட்டில் படிக்க ஒரு கட்டுரை எழுதினார்.

பாராட்டு விழாவில் டிரைவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முதல் நோயாளியைக் கண்டறிந்தவன் என்று ஒரு கேடயம். இயக்குநர் அவன் தோளில் கைவைத்துப் பேசினார்.

"இவர் பார்த்தார். பார்த்ததும் சொன்னார். சொன்னதால் நாம் செயல்பட்டோம். இந்த நிறுவனத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதற்கு இவரே சாட்சி. இந்த நெருக்கடி முழுவதிலும் ஒரு வண்டியைக்கூட நாம் இழக்கவில்லை. ஒன்றைக்கூட! உங்கள் வருகையே உங்கள் உயிர் என்று நான் எப்போதும் சொல்வேன். வண்டிகள் வந்துவிட்டன. உயிர் திரும்பிவிட்டது."

டிரைவர் கேடயத்தோடு படி இறங்கும்போது, காத்திருப்போர் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா அவனைத் தடுத்து நிறுத்தினார். "வண்டி இல்லாம மேல இருந்தவங்க நிறைய பேரு வரல, உன் மலை ரோட்டு அம்மா பேரு வரிசைல மேல வந்துடுச்சுப்பா. நேத்து போன் போட்டேன், காலைல ஆறு மணிக்கு வந்துடுங்கன்னு. பையன் எடுத்தான். அம்மா இறந்து பதினஞ்சு நாளாச்சுங்கிறான்."

டிரைவருக்கு அது தெரியும். தூக்கிய நாலு பேரில் அவனும் ஒருவன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? வரலைன்னு குறிச்சுக்கிட்டேன். அந்தக் கட்டத்துல வந்தார், வரலைன்னு ரெண்டுதான் இருக்கு."

மறுநாளிலிருந்து மலை ரோட்டு வண்டி ஓடத் தொடங்கியது. பால்காரர் பின் இருக்கையில் எப்போதும் போல உட்கார்ந்திருந்தார். அவரைக் காப்பாற்றியது அவர் மருமகனின் டிராக்டரும், கேட்டில் அவர் திறக்காத வாயும். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. டைப்பிஸ்டம்மாவின் படுக்கை ஒரு தையற்காரருக்குப் போயிருந்தது. சின்ன வயசு. ஒரு வருஷமாக வரிசையில் நின்று கிடைத்த இடம். அவளுடைய முன் இருக்கையிலும் அவர்தான் உட்கார்ந்தார். புது இடம் என்பதால் எல்லாவற்றையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நடு மலையில், மூன்றாவது வளைவு தாண்டியதும் கேட்டார்.

"அண்ணே, அது என்ன மஞ்சளா எரியுது?"

டிரைவர் ரோட்டைப் பார்த்தான். "எது?"

"உங்க மூக்குக்கு நேரா. குழாய் மாதிரி ஒரு படம்."

டிரைவர் குனியவில்லை. கியரை மாற்றினான். பின்னாலிருந்து பால்காரர் இருமினார்.

"ஒண்ணும் எரியலியே," என்றான் டிரைவர்.

தையற்காரர் விளக்கைப் பார்த்தார். டிரைவரின் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் பால்காரரைப் பார்த்தார். பால்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோக்கிறவருக்குக் கண் நன்றாகவே தெரியும். மூன்று முறை என்ற சின்ன எழுத்தையும் அவர் வார்டுச் சுவரில் படித்திருந்தார்.

"ஆமாண்ணே," என்றார், நேராக உட்கார்ந்துகொண்டு. "ஒண்ணும் எரியல."